சீலாவா, வஞ்சிரமா? கருவாட்டுக் கடைக்கு கீவேர்டு பிளானர் எவ்வளவு உதவும்

"ஏம்மா, ஷீலாவுக்குப் போய் இந்த விலையா?"

போன வருடம் பங்குனியில் பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி இது. எங்கள் கடையின் வெப்சைட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார். "நல்ல சீலாம்மா, பெரிய மீனா எடுத்துத் துண்டு போட்டது" என்று நான் சொல்ல, "காசிமேட்டுல ஷீலா என்ன விலைன்னு எனக்குத் தெரியாதா" என்று வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் கடையை எடுத்து வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பாம்பனில் நாங்கள் சீலா என்று சொல்வது சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று சொல்லும் மீன். அவர்கள் ஷீலா என்று சொல்வதோ எங்கள் ஊரில் ஊளி. அந்த அம்மா ஊளிக்கு வஞ்சிரம் விலை போட்டிருக்கிறேன் என்று நினைத்துக் கோபப்பட்டிருக்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. நான் எழுதி வைத்த சொல்தான் தப்பு.

அந்த ஒரு போனுக்குப் பிறகுதான், எந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் கீவேர்டு பிளானரை உட்கார்ந்து படித்தேன். இன்றைக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்களைப் போல ஒற்றைக் கடை, ஒற்றை ஊர், கூரியரில் கொஞ்சம் வெளியூர் வியாபாரம் என்று இருப்பவர்களுக்கு அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை எழுதலாம் என்று தோன்றியது. இதைப் பற்றித் தமிழில் நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் பெரிய ஊர்க் கடைகளை மனதில் வைத்தே பேசுகின்றன. வேதாளையில் வலைக்கடை வைத்திருப்பவருக்கும், ஏர்வாடியில் இரண்டு அறை வாடகைக்கு விடுபவருக்கும் அதில் பாதிதான் பொருந்தும்.

முதலில் எங்கள் கதை. மூன்று வருடத்துக்கு முன் வெளியூரில் உள்ள ஒரு நிறுவனம் எங்களுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தது. பெயர் வேண்டாம். கூகுளில் மேலே கொண்டுவரும் வேலைக்கென்று தனியாக 18,000 ரூபாய் வாங்கினார்கள். அறுபது சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் அனுப்பினார்கள். 'சிறந்த கடல் உணவு', 'ஆன்லைன் மீன்', 'தரமான உலர் மீன் ஏற்றுமதி' என்று போகும். 'உலர் மீன்' என்று யாராவது வீட்டில் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அறுபதையும் பக்கத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத கீவேர்டு டேக் என்ற இடத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். அந்த டேக்கைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. கூகுள் மேப்பில் எங்கள் கடையின் வகையை 'உணவகம்' என்று போட்டிருந்தார்கள். மதியம் பன்னிரண்டு மணி ஆனால் போன் வரும். "அக்கா, மீன் சாப்பாடு இருக்கா? எத்தனை பேர் உட்காரலாம்?" குழந்தைகளோடு வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்வது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. எட்டு மாதம் அப்படியே ஓடியது. அது வகை மாறியதால் வந்த வினை என்று எனக்குத் தெரியவே தெரியாது.

இனி கருவிக்கு வருகிறேன். கீவேர்டு பிளானர், கூகுளில் விளம்பரம் கொடுப்பதற்கான கூகுள் ஆட்ஸ் கணக்குக்குள் இருக்கிறது. காசு கிடையாது. கணக்குத் தொடங்கும்போதே ஒரு விளம்பரம் உருவாக்கச் சொல்லிக் கேட்கும். விளம்பரம் இல்லாமல் கணக்கை மட்டும் தொடங்கும் வழியும் அங்கேயே சின்ன எழுத்தில் இருக்கும், நிதானமாகப் பாருங்கள். போனில் முயற்சி செய்யாதீர்கள், லேப்டாப்பில் உட்காருங்கள். மகள் பத்தாம் வகுப்பு முடித்த லீவில் இருந்ததால் முதல் இரண்டு நாள் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். பிறகு நானே பழகிக்கொண்டேன்.

உள்ளே போனதும் முதல் வேலை, இடத்தை மாற்றுவது. இந்தியா முழுவதும் என்று இருந்தால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. தமிழ்நாடு என்று வைக்கலாம், சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று ஒவ்வொரு ஊராகவும் வைத்துப் பார்க்கலாம். நான் செய்தது இதுதான்: 'வஞ்சிரம் கருவாடு', 'சீலா கருவாடு', 'நெய்மீன் கருவாடு' மூன்றையும் போட்டு, இடத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எந்த ஊரில் எந்தப் பெயர் ஓடுகிறது என்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. என் கணக்கில் இந்தக் கருவியின் பெரிய உபயோகம் இதுவே. ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும்போது எதைத் தலைப்பில் வைப்பது, எதை உள்ளே எழுதுவது என்று முடிவு செய்ய இதை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மீன் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் காரல் சென்னையில் காரப்பொடி. எங்கள் கணவாய் அங்கே கடமா. நாங்கள் சாளை என்பதை மேற்கே போனால் மத்தி என்றால்தான் தெரியும். எங்கள் வெப்சைட்டில் அதுவரை எல்லாமே பாம்பன் பெயர். அதைக் கடற்கரைக்காரர்கள் மட்டும்தான் படித்துப் புரிந்துகொள்ள முடியும். அவர்களுக்கோ கருவாட்டை என்னிடம் கூரியரில் வாங்க வேண்டிய தேவையில்லை. இப்போது அந்தப் பக்கத்தின் தலைப்பு 'வஞ்சிரம் கருவாடு, பாம்பன்'. முதல் வரி: "எங்கள் ஊரில் இதைச் சீலா என்போம். சென்னையில் ஷீலா என்று விற்கும் மீன் இது இல்லை, அது எங்களிடம் ஊளி என்ற பெயரில் தனியாக இருக்கிறது." அந்த வரியை எழுதிய பிறகு விலையைப் பார்த்துச் சண்டை போடும் போன் ஒன்றுகூட வரவில்லை.

இனி ஆகாத இடங்கள். இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் பிளானரைத் திறந்தால் மனசு விட்டுப்போகும்.

விளம்பரத்துக்குக் காசு செலவழிக்காத கணக்குகளுக்கு அது சரியான எண்ணிக்கை காட்டாது. 10 முதல் 100, 100 முதல் 1,000 என்று அகலமான வரம்புதான் காட்டும். மாதம் 12 பேர் தேடுவதும் 90 பேர் தேடுவதும் அதில் ஒரே மாதிரி தெரியும். என்னைப் போன்ற கடைக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவே இருக்கிறது. அதைவிடச் சின்ன சொல்லாக இருந்தால் ஒரு கோடு மட்டும் போட்டுவிடும். இடத்தை ராமநாதபுரம் என்று சுருக்கினால் பெரும்பாலும் கோடுதான் வரும். யாரும் தேடவில்லை என்று அதற்கு அர்த்தம் எடுக்கக் கூடாது. காட்டுகிற அளவுக்குக் கணக்கு சேரவில்லை, அவ்வளவுதான். இது விளம்பரம் கொடுப்பவர்களுக்காகச் செய்யப்பட்ட கருவி. நாம் பக்கத்துக் கிணற்றில் இரண்டு குடம் தண்ணீர் எடுத்துக்கொள்கிற மாதிரி இதை எடுத்துக்கொள்கிறோம்.

'போட்டி' என்று ஒரு பத்தி இருக்கும். குறைவு, நடுத்தரம், அதிகம் என்று காட்டும். எங்களுக்கு வேலை செய்த அந்த நிறுவனம் இதைக் காட்டித்தான், "போட்டி குறைவு மேடம், சுலபமா மேல வந்துரலாம்" என்று சொன்னது. அது அந்தச் சொல்லுக்கு எத்தனை விளம்பரதாரர்கள் மோதுகிறார்கள் என்பதைக் காட்டும் பத்தி. காசு கொடுக்காமல் தேடலில் வரும் பக்கங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தச் சொல்லை நீங்களே கூகுளில் அடித்து, முதலில் வரும் பத்துப் பக்கங்களைத் திறந்து படிக்க வேண்டும். நான் அப்படித்தான் படித்தேன். பாதிக்கு மேல் சமையல் குறிப்பு. 'நெத்திலி கருவாடு' என்று தேடுகிறவர் தொக்கு வைக்க வழி கேட்கிறாரா, வாங்க இடம் கேட்கிறாரா என்பது பிளானரின் எண்ணில் தெரியாது. தேடி வரும் பக்கங்களைப் பார்த்தால் தெரியும். 'கிலோ', 'விலை', 'ஆன்லைன்', 'எங்கே கிடைக்கும்' என்ற வால் சேர்ந்த சொற்கள் எண்ணில் சின்னதாக இருந்தாலும் எங்களுக்கு அவைதான் வியாபாரம்.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுவது மிக அதிகம். ராமேஸ்வரத்தை 'எஸ்'ஸுக்குப் பின் 'எச்' போட்டும் அடிப்பார்கள், போடாமலும் அடிப்பார்கள். ராமநாதபுரத்தை ராம்நாடு என்று அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழில் அடித்தால் 'இராமநாதபுரம்' என்று இகரம் போடுபவர்கள் வேறு. இந்த ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் போட வேண்டும் என்று எனக்கு ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம். எழுத்து மாறினாலும் ஊர் ஒன்றுதான் என்று பெரும்பாலும் கூகுளே புரிந்துகொள்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே விஷயத்தை முப்பது பக்கம் அடுக்குவதை அது ஏமாற்று வேலையாகவே விதிகளில் வைத்திருக்கிறது. நான் ஒரு தமிழ்ப் பக்கம், ஒரு ஆங்கிலப் பக்கம் என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஊர்ப் பெயரில் எனக்குப் பெரிய குழப்பம் இருந்தது. கடை இருப்பது பாம்பனில். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர் ராமேஸ்வரம். 'ராமேஸ்வரம் கருவாடு' என்று போடுவதா, 'பாம்பன் கருவாடு' என்று போடுவதா? பிளானரில் ராமேஸ்வரம்தான் கனமாக இருக்கும், அதில் அதிசயமில்லை. ஆனால் உள்ளூர்த் தேடலில் கூகுள் பார்க்கிற மூன்று விஷயங்கள் என்று அதுவே சொல்வது பொருத்தம், தூரம், பிரபலம். கோயில் வாசலில் நின்று தேடுபவருக்கு பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற என் கடையை அது முதலில் காட்டாது, காட்டவும் வேண்டியதில்லை. அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, தரிசனத்துக்கு நிற்பவர்கள் கருவாடு தேடுவார்களா? கடைக்கு வருகிறவர்களை நான் பார்த்த வரையில், தரிசனம் முடித்து ஊர் திரும்பும் வழியில்தான் அந்த நினைப்பே வருகிறது. ரோடு பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, ரயில் பாலத்தைப் பார்க்கும்போது வருகிறது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய ரயில் பாலம் திறந்த பிறகு, நடுவில் தூக்கும் பகுதியைப் பார்க்க நிற்பவர்கள் இன்னும் கூடியிருக்கிறார்கள். அவர்கள் கையில் போன் இருக்கிறது, வாயில் வருவது 'பாம்பன் பாலம்' என்ற சொல்.

அதனால் பாம்பனையே வைத்துக்கொண்டேன். முகப்புப் பக்கத்தில், ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில், பாலம் ஏறுவதற்கு முன்னால் கடை எந்தப் பக்கம் வரும், வண்டி எங்கே நிறுத்தலாம், இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று ஆட்களுக்கு வழி சொல்கிற மாதிரி எழுதினேன். 'அருகில்' என்ற சொல்லைப் பக்கம் முழுக்க நிரப்பச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. தேடுபவர் நிற்கும் இடத்தை அவருடைய போனே கூகுளுக்குச் சொல்லிவிடுகிறது. நம் விலாசம் சரியாக இருந்தால் போதும்.

விலாசம் என்றால் கூகுள் பிசினஸ் புரொஃபைல், கூகுள் மேப்பில் நம் கடையின் விவரம் வரும் இடம். முன்பு கூகுள் மை பிசினஸ் என்று இருந்ததை 2021-இல் இந்தப் பெயருக்கு மாற்றினார்கள். சிறு கடைக்காரர்கள் பிளானருக்கு முன்னால் இதைத்தான் சரி செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உணவகம் என்ற வகையை மாற்றிய மறு மாதமே மதியச் சாப்பாட்டுப் போன்கள் நின்றுபோயின. கடைப் பெயரோடு 'சிறந்த கருவாடு ராமேஸ்வரம் பாம்பன்' என்று ஒட்டி வைத்திருந்ததையும் எடுத்தேன். பெயர்ப் பலகையில் இருக்கும் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி, மீறினால் கணக்கை முடக்கலாம். புரொஃபைலில் 'செயல்திறன்' என்ற பகுதியில், எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் கடை தெரிந்தது என்ற பட்டியல் மாதாமாதம் இருக்கும். எண்ணிக்கை சின்னதாக இருந்தால் 15-க்கும் குறைவு என்று மட்டும் காட்டும். ஆனாலும் பிளானர் கோடு போட்டுக் கைவிட்ட சொற்கள் இங்கே உயிரோடு இருக்கும். வெப்சைட்டுக்கு இதே வேலையைச் செய்வது கூகுளின் சர்ச் கன்சோல். பதினாறு மாதக் கணக்கு வைத்திருக்கும். மிக அபூர்வமான தேடல்களை, தேடியவரின் அந்தரங்கம் கருதி மறைத்துவிடும். மற்றபடி நம் பக்கம் எந்தச் சொல்லுக்கு எத்தனாவது இடத்தில் வந்தது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று அப்படியே சொல்லும்.

இத்தனையும் பார்த்த பிறகு, எனக்கு உண்மையில் சொற்களைக் கொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. பெரம்பூர் அம்மாவின் போனுக்குப் பிறகு, கூப்பிடுகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை அவர்கள் வாயில் வந்தபடியே எழுத ஆரம்பித்தேன். ஊரையும் பக்கத்தில் எழுதினேன். மூன்று மாதம் ஆனதும் எடுத்துப் படித்தபோது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப இருந்தது: "நெத்திலி மண் இல்லாம இருக்குமா?" மதுரை, திண்டுக்கல், ஈரோடு, எல்லா ஊரிலும் இதே கேள்வி. மணலில் காயப்போட்ட நெத்திலியை எத்தனை தடவை அலசினாலும் பல்லில் நறநற என்று மாட்டும். சமைத்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். நாங்கள் ஐந்து வருடமாகத் தரையில் போடுவதே இல்லை. இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டு, வலை கட்டி அதன் மேல்தான் காயவைக்கிறோம். அதை வெப்சைட்டில் எங்கேயுமே எழுதவில்லை. எங்களுக்கு அது அன்றாட வேலை, சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

'மண் இல்லாத நெத்திலி கருவாடு' என்று பிளானரில் போட்டேன். கோடு. பிளானரை மட்டும் நம்பியிருந்தால் அதோடு விட்டிருப்பேன். நோட்டை நம்பிப் பக்கம் எழுதினேன். வலைப் பரணின் படம் இரண்டு, எப்படிக் காய்கிறது, தலை கிள்ளியது தனியாகக் கிடைக்குமா, எல்லாம் சேர்த்து எழுதினேன். இன்றைக்கு எங்கள் சர்ச் கன்சோலில் அதிகம் பேர் தொடும் பக்கங்களில் அதுதான் முதலில் நிற்கிறது. 'மணல் இல்லாத', 'சுத்தமான', 'க்ளீன் பண்ண' என்று பத்து விதமாகத் தேடி வருகிறார்கள். ஒவ்வொன்றும் சின்ன எண். எல்லாம் ஒரே பக்கத்துக்கு வருகின்றன.

கீழக்கரை லாத்தா (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் மாசி வாங்க வருவார். சூரையை அவித்து, புகை காட்டி, கட்டை மாதிரி காயவைக்கிற மாசி. அவர் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். "அங்கே கடையில கேட்டா மாசின்னா தெரியலடி, மாலத்தீவு மீனுன்னு கேட்கணுமாம்" என்று போகிற போக்கில் சொன்னார். அன்றிரவே பிளானரில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். தமிழ்நாட்டுக்குள் மாசி, கடல் தாண்டினால் மாலத்தீவு மீன். தமிழ்ப் பக்கத்தில் மாசியும் ஆங்கிலப் பக்கத்தில் மற்றதும் என்று வைத்துக்கொண்டேன். சொல்லைக் கொடுத்தது லாத்தா, எங்கே வைப்பது என்று காட்டியது பிளானர். இரண்டுக்கும் இப்படித்தான் என்னிடம் வேலை பிரிந்திருக்கிறது.

கூகுள் டிரெண்ட்ஸையும் சேர்த்துப் பாருங்கள். அது எண்ணிக்கை தராது, தேடலின் ஏற்ற இறக்கத்தை 0 முதல் 100 வரை மட்டும் காட்டும். சில சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சின்னச் சொல்லுக்கு அதிலும் ஒன்றும் வராது. புரட்டாசியில் எங்கள் கல்லா எப்படி இறங்கும் என்று டிரெண்ட்ஸ் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்துக்குத்தான் யோசித்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பச்சை மீன் விலை ஏறும்போது கருவாடு தேடுகிறவர்கள் எங்களுக்குக் கூடுகிறார்கள். அந்த நேரத்தில் எழுதிப் போட்டால் கூகுளில் ஏறி இடம்பிடிப்பதற்குள் படகு கடலுக்குப் போய்விடும். மார்ச்சிலேயே பக்கத்தைத் திருத்தி வைத்துவிட வேண்டும்.

யாருக்கு இதைச் சிபாரிசு செய்வேன்? பொருளுக்குப் பல பெயர் உள்ள தொழில் எதுவானாலும் பிளானரை ஒரு மாலை நேரம் ஒதுக்கிப் பாருங்கள். முண்டு மிளகாய் விற்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு வத்தலை 'குண்டு மிளகாய்' என்று தேடுபவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் பக்கத்தின் தலைப்பே மாறும். ஒரே ஊருக்குள் மட்டும் வேலை செய்பவர்கள், மோட்டார் ரிப்பேர், டெய்லர், ஆட்டோ என்று இருப்பவர்கள், பிளானரில் நேரம் போக்க வேண்டாம். புரொஃபைலில் வகை, நேரம், போன் நம்பர், படம் நான்கையும் சரியாக வைத்து, வருகிறவர்களிடம் விமர்சனம் எழுதக் கேளுங்கள். யாராவது மாதக் கட்டணம் கேட்டு, எண்ணிக்கை பெரிதாக இருக்கும் சொற்களின் பட்டியலைக் காட்டினால், அதில் உங்கள் வாடிக்கையாளர் வாயால் சொல்லிக் கேட்ட சொல் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டுப் பணம் கொடுங்கள்.

பிளானருக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். பிசினஸ் புரொஃபைலுக்கும் சர்ச் கன்சோலுக்கும் நாலரை.

நேற்று இரவு ஒன்பதரைக்கு திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். பனியன் கம்பெனியில் வேலையாம், சொந்த ஊர் தொண்டிப் பக்கம். "அக்கா, அப்பாவுக்கு பிரஷர் இருக்கு, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிட்டாரு. உப்பு கம்மியா போட்ட கருவாடு எதுவும் இருக்கா?" கருவாடு என்றாலே உப்புதான், டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம் தம்பி என்று சொல்லி, உப்பில்லாமல் வெயிலில் மட்டும் காயும் நெத்திலி கொஞ்சம் இருப்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். நோட்டில் அவர் சொன்னதை அப்படியே எழுதியபோது மேலே புரட்டிப் பார்த்தேன். இந்த மாதத்தில் இதே கேள்வி நான்காவது தடவை.